இரண்டு கோட்டை, ஒரே ஏடு

"வேகமா தள்ளுடா!"

"ஆறுதான் தள்ளுது சாமி. நான் சும்மா கூட வர்றேன்!" என்றான் பரிசல்காரன்.

வெள்ளத்தில் பம்பரமாய்ச் சுழன்ற பரிசலை இறுகப் பற்றிக்கொண்டார் அமைச்சர் நீலகண்டராயர். தெற்குக் கோட்டைக்கு இன்றே போயாக வேண்டும். நாளை சோதனை!

அந்தக் காலத்தில் அந்த நாட்டுக்கு ஆற்றின் இரு கரையிலும் ஒவ்வொரு கோட்டை. திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்று இரண்டிலும் ஓலை ஏடு உண்டு. போன வருஷம் வெள்ளத்தில் தகவல் நின்றுபோய், ஒவ்வொரு ஏட்டிலும் வெவ்வேறு பெயர் ஏறிவிட்டது. ஒரே மாலைக்கு இரண்டு கழுத்து நீண்டது. மன்னர் கொதித்துப்போனார்.

"எந்தக் கோட்டையில், எந்த நேரத்தில், எவன் பார்த்தாலும் ஒரே விஷயத்தைத்தான் படிக்க வேண்டும். வெள்ளம் என்று சாக்குச் சொல்லக் கூடாது!"

"இதற்கு நம் விதூஷகர் அம்பலத்தான்தான் தகுந்தவர், அரசே" என்று கோத்துவிட்டவர் ராயர்தான். சோதனையில் இரண்டு ஏடும் வேறுபட்டால் அவனுக்கு நாடு கடத்தல். அம்பலத்தான் சிரித்தபடி தலையாட்டிவிட்டான்.

தெற்குக் கோட்டையில் நனைந்த வேட்டியோடு இறங்கிய ராயர், எழுத்தர் காதில் ஒரு பெயரைச் சொன்னார். எழுத்தாணி கிறீச்சிட்ட பிறகே திரும்பினார். வடக்கு ஏட்டில் அந்த வரி காலி. ஒழிந்தான் அம்பலத்தான்!

மறுநாள் சபைக்கு வரவழைத்த இரண்டு ஏடுகளையும் மன்னர் உற்றுப் பார்த்தார்.

"இரண்டும் ஒன்றுதான். இந்த வருஷத்து வரி காலி."

"இருக்காது அரசே! என் கண்ணெதிரே எழுதினானே..." ராயர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எழுதியது உண்மைதான் அரசே" என்றான் அம்பலத்தான். "தாங்கள் கட்டளையிட்டது படிப்பதைப் பற்றி மட்டும். ஓலையில் கீறினால் போதுமா? மை பூசினால்தானே கண்ணுக்குத் தெரியும்! இரண்டு ஏட்டிலும் ஒரே பெயர் விழும்வரை பூசக் கூடாதென்று, இரண்டு கோட்டை மைக்கிண்ணத்தையும் நான் தூக்கி வந்துவிட்டேன்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முதல் மாலை உனக்கேயப்பா! அதிருக்கட்டும், தெற்கே யார் பெயர் கீறியிருக்கிறது?"

"அரசே, மை வீணாகும்..." என்று முனகினார் ராயர்.

அம்பலத்தான் விரலால் மையைத் தொட்டு ஓலையில் தேய்த்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாய்க் கறுத்து எழுந்தன. மன்னர் உரக்கப் படித்தார்:

"நீ... ல... கண்... ட... ராயர்!"