அங்கிக்குள் அடங்காத ராஜா

“எனக்குத் தொந்தி இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது? என் தோள் சரிந்திருக்கிறது என்று யார் சொன்னது? என் முதுகு வளைந்திருக்கிறது என்று யார் சொன்னது?”

கேட்டவர் ஒரு ராஜா. கேட்கப்பட்டவளின் வாயில் ஊசி இருந்தது. அதை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டு, “உங்கள் அங்கி சொன்னது, மகாராஜா” என்றாள்.

எந்த ஊர், எந்தக் காலம் என்று உடனே ஆரம்பித்துவிடுவீர்கள். ஊர் பூவரசங்கோட்டை. காலம், ராஜாக்களுக்குக் கண்ணாடி பார்க்க நேரம் இருந்த காலம். ராஜாவின் பெயர் கொடைமாறன். ஊசிக்காரி பெயர் ஒப்பிலாள். இனிக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பூவரசங்கோட்டையில் ஒரு வழக்கம். ஆளவரும் ஒவ்வொரு ராஜாவுக்கும் ராணிக்கும் முடிசூட்டும்போது ஒரே ஒரு பட்டு அங்கி நெய்வார்கள். வருஷத்தில் ஒரு நாள், முடிசூட்டிய நாளன்று, அவர் அதை அணிந்துகொண்டு அரியணையில் உட்காருவார். உச்சிப் பொழுதுக்குள் அங்கி அரியணையில் அமர்ந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷம் நாட்டுக்கு ராஜா இல்லை.

ராஜா செத்துப்போனால் அங்கி ஒப்பிலாளிடம் வரும். அவள் வேப்பங்கட்டையில் மூட்டு மடங்கும்படி எலும்பு கட்டி, வைக்கோலில் சதை வைத்து, இலவம்பஞ்சில் வழவழப்புக் கொடுத்து, மேலே துணியை இழுத்துத் தைத்து, முகம் எழுதி ஆளுயரப் பொம்மை செய்வாள். அந்தப் பொம்மைக்கு அங்கியை மாட்டி மூதாதையர் மண்டபத்தில் நிறுத்துவார்கள்.

வருஷா வருஷம் அணிந்த அங்கி, அணிந்தவரின் உடம்பை மறக்காது. எங்கே இழுபட்டிருக்கிறது, எங்கே நைந்திருக்கிறது, எங்கே தொளதொளத்திருக்கிறது என்று பார்த்தே ஒப்பிலாள் உடம்பைக் கட்டுவாள். அங்கி சொல்வதற்கு மேல் ஒரு பிடி பஞ்சு வைக்கமாட்டாள். ஒரு பிடி குறைக்கவும் மாட்டாள். அதனால்தான் அந்த மண்டபத்தில் கூன் விழுந்த ராஜா உண்டு, ஒற்றைத் தோள் ராணி உண்டு, மூன்று பேர் வயிற்றை ஒருவரே வைத்திருந்த கிழ ராஜாவும் உண்டு.

அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. ஒரு ராணியின் கழுத்தைத் தைத்துக்கொண்டிருப்பாள், திடீரென்று எழுந்து போய் எப்போதோ முடித்த ஒரு ராஜாவின் தலைப்பாகையைப் பிரிப்பாள். “இவர் காலத்தில் முடிச்சு இடப்பக்கம்தானே போட்டார்கள், எந்தப் புத்தியில் வலப்பக்கம் போட்டேன்” என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அடுப்பில் குழம்பு தீய்ந்து ஊரே மணக்கும். அவளுக்குத் தெரியாது.

கொடைமாறனுக்கும் இருப்புக் கொள்ளாது, காரணம் மட்டும் வேறு. செத்த பிறகு தன் பொம்மை எப்படி நிற்குமோ என்ற கவலை அவரை அரித்தது. “நான் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடு, நானும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன்” என்று அங்கியைக் கொண்டுவந்து போட்டார். செய்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் முதலில் சொன்ன அந்தச் சண்டை.

“தொந்தியை எடு” என்றார் ராஜா.

“எடுத்தால் அங்கி தொங்கும், மகாராஜா.”

“அங்கியையும் பிடித்துத் தை.”

“தைக்கிறேன். ஆனால் வெட்டவேண்டாம், உள்ளே மடித்து விடுகிறேன். நாளைக்கு நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டுமே.”

“மடித்தால் புடைத்துக்கொண்டு தெரியும். வெட்டு. என்னை வைத்துத்தானே பொம்மை? அதற்குப் பொருந்துவது எனக்குப் பொருந்தாதா?”

ஒப்பிலாள் வெட்டினாள். ராஜபட்டில் ஒரு நூலும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். வெட்டிய துண்டைப் பொம்மையின் நெஞ்சுக்குள் பஞ்சோடு பஞ்சாக அடைத்தாள்.

மறுபடியும் ராஜா வந்தார். முன்னால் நின்று பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். “தோளை நிமிர்த்து” என்றார். ஒப்பிலாள் மறுபடியும் எச்சரித்தாள். ராஜா மறுபடியும் வெட்டச் சொன்னார். துண்டு நெஞ்சுக்குள் போனது.

மூன்றாம் முறையும் வந்தார். “முதுகை நேராக்கு” என்றார். இந்தத் தடவை ஒப்பிலாள் வாயைத் திறக்கவில்லை. சுவரிடம் எத்தனை தடவை பேசுவது? நேராக்கினாள், வெட்டினாள், அடைத்தாள்.

ஆனால் அன்றிலிருந்து அவள் விரல் எதிலும் நிலைக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கீழே வைப்பாள். எடுப்பாள். மறுபடியும் வைப்பாள். மண்டபத்துக்குப் போனால் கூன் ராஜாவும் ஒற்றைத் தோள் ராணியும் தன்னையே பார்ப்பதுபோல இருக்கும். கொடைமாறனின் பொம்மையும் அங்கேதான் நின்றது. அந்த மண்டபத்திலேயே அழகான பொம்மை அதுதான். அந்த மண்டபத்திலேயே பொய்யான பொம்மையும் அதுதான்.

முடிசூட்டு நாள் வந்தது. முற்றம் நிறைய ஜனம். அமைச்சர் மாதேவர் பொம்மையிலிருந்து அங்கியைக் கழற்றி ராஜாவுக்கு மாட்டினார்.

தோளுக்கு மேல் ஏறவில்லை. மூச்சை இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள், இழுத்தார். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். குனியச் சொன்னார்கள், குனிந்தார். குனிந்தவர் நிமிர்வதற்குள் முதுகில் ஒரு தையல் விட்டது.

“காலையில் எத்தனை இட்லி?” என்று மாதேவர் முணுமுணுத்தார்.

“வாயை மூடும். ஒப்பிலாளைக் கூப்பிடும்.”

வந்தாள். பார்த்தாள். “வெட்டின துணி எங்கேயும் போகவில்லை, மகாராஜா. பொம்மையின் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது. பிரித்தால் எடுத்து ஒட்டுப்போட்டுத் தந்துவிடுவேன். ஒட்டுத் தெரியும், அவ்வளவுதான்.”

“பிரி.”

“நெஞ்சைத் தைத்து மூடியாகிவிட்டது, இனி நான் தொடக் கூடாது. ராஜபொம்மையின் நெஞ்சை ராஜாவின் கைதான் கிழிக்க வேண்டும்” என்று கத்தியை நீட்டினாள். “கிழித்தால் பழையபடி சேராது. யோசித்துச் செய்யுங்கள், ஆனால் சீக்கிரம் யோசியுங்கள். வெயில் ஏறிவிட்டது.”

ராஜா கத்தியை வாங்கினார். பொம்மைக்கு எதிரே நின்றார். நிமிர்ந்த தோள், நேரான முதுகு, ஒட்டிய வயிறு. இருபது வயதில்கூட அவர் அப்படி இருந்ததில்லை. கத்தியை ஓங்கினார், இறக்கினார். ஓங்கினார், இறக்கினார். மூன்றாவது தடவை ஓங்கி, கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒப்பிலாள், வேறு வழியே இல்லையா?”

“முதலிலேயே இருந்தது. மடிக்கிறேன் என்றேன்.”

வெளியே உச்சி முரசு அறையப் போகிறவன் கோலைத் தூக்கிவிட்டான். மாதேவர் ராஜாவைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார். வழக்கம் என்ன சொல்கிறது? அங்கி அரியணையில் அமர வேண்டும். உள்ளே யார் என்று வழக்கம் கேட்கவில்லை. மாதேவர் அங்கியைப் பொம்மைக்கே மாட்டினார். முதுகில் விட்ட தையலைத் தவிர கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு காவலர்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அரியணையில் உட்காரவைக்கவும் முரசு ஒலிக்கவும் சரியாக இருந்தது.

ஜனம் கைகூப்பியது. “மகாராஜா இளைத்தாலும் களையாக இருக்கிறார்” என்றாள் ஒரு பூக்காரி. வழக்குச் சொல்ல வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். ராஜா கோபப்படவில்லை, கொட்டாவி விடவில்லை, குறுக்கே பேசவில்லை. இப்படிப் பொறுமையாகக் கேட்கிற ராஜாவை அவர்கள் பார்த்ததே இல்லை.

கொடைமாறன் தூணோரம் நின்றார். “நான்தான் ராஜா” என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார். அவன் அரியணையைப் பார்த்தான், இவர் வயிற்றைப் பார்த்தான், “சரி ஐயா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், மறைக்கிறது” என்றான்.

ஒப்பிலாள் ஊசியையும் கத்திரியையும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். தன் கை செய்த பொம்மைகளில் அந்த ஒன்றை மட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை ஏன் வாயைத் திறக்காமல் இருந்தோம் என்ற கேள்வி அவள் கூடவே நடந்தது.

நீதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள்: உள்ளபடி தன்னைப் பார்க்கப் பொறுக்காதவன், தன் இடத்தைத் தன் பொய்க்கே விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

ஜனம் கலைந்தது. காவலர்களும் சாப்பிடப் போனார்கள். கொடைமாறன் மெல்லப் படியேறி அரியணைக்குப் பக்கத்தில் போய் நின்றார். காலையிலிருந்து நின்று நின்று அவருக்குக் கால் வலித்தது. குனிந்து, பொம்மையின் காதருகில், மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“கொஞ்சம் தள்ளி உட்காருகிறீர்களா?”