ஆயிரங்கைக்குப் பாடை கட்டிய நாச்சாயி

முத்தாறு பாய்ந்த வாகைநாட்டை முன்னொரு காலத்தில் மகரத்துவசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் நொடிக்கொரு புத்தி. காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பான். மாலையில் அவனையே அந்த யானைக்குப் பாகனாக்கிவிடுவான்.

அந்த நாட்டில் நாற்பது வணிகர்கள் சேர்ந்து ஆயிரங்கைக் குழு என்று ஒன்றை நடத்தினார்கள். முத்தாற்றின் மேல்கரை முழுக்க அவர்களுடைய சாயப்பட்டறைகள். ஒருநாள் குழுவின் தலைவர் சாத்தப்பர், ஏழு வண்ணத் தலைப்பாகை ஒன்றை ராஜாவுக்குக் கொண்டுவந்து சூட்டினார். ராஜா கண்ணாடியைப் பார்த்துப் பூரித்துப்போனான்.

"என்ன வேண்டும், கேளும்!"

"பெரிதாக ஒன்றுமில்லை பிரபு. எங்கள் குழுவை ஓர் ஆளாக மதிக்கவேண்டும். ஓர் ஆளுக்குள்ள உரிமையெல்லாம் ஆயிரங்கைக்கும் வேண்டும். நிலம் வாங்க, வழக்காட, ஆற்றில் தண்ணீர் எடுக்க."

"இவ்வளவுதானா?" என்று ராஜா அப்போதே செப்பேடு எழுதிக் கொடுத்துவிட்டான்.

இரண்டே வருஷம். முத்தாறு காலையில் சிவப்பாகவும் மத்தியானம் நீலமாகவும் ஓடியது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஆற்றில் இறங்கிய எருமைகள் கொப்புளத்தோடு கரையேறின. கடைசியாகத் தண்ணீர் பாயும் கீழ்மடை ஊரில் நாற்று அழுகியது. குழந்தைகளுக்கு வாயெல்லாம் புண்.

அந்த ஊரின் மடையைத் திறந்து மூடும் பொறுப்பு நாச்சாயியுடையது. பெருவெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று மதகுப் பலகைகளைத் தூக்கித் தலைநகரைக் காப்பாற்றியவள் அவள்தான். அதற்காக ராஜா அவளைச் சபையில் எழுந்து நின்று பாராட்டினான். அன்றிலிருந்து அவைத்தலைவர் விசுவேசருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. முப்பது வருஷத்தில் அவருக்காக ராஜா ஒருதடவைகூட எழுந்ததில்லை.

நாச்சாயி ஊராரோடு வந்து முறையிட்டாள். ராஜா நாற்பது வணிகர்களையும் அழைத்து விசாரித்தான்.

"நான் சாயக்கழிவை விடவில்லை பிரபு. குழு விட்டது" என்றார் முதலாமவர்.

"நானும் இல்லை. குழு" என்றார் இரண்டாமவர். நாற்பது பேரும் அதையே சொன்னார்கள்.

விசுவேசர் எழுந்தார். "சரிதானே பிரபு! ஆயிரங்கை ஓர் ஆள். குற்றம் அந்த ஆள்மேல். மடைக்காரி அவனைப் பிடித்துக்கொண்டு வரட்டும். வெள்ளத்தையே பிடித்து நிறுத்தியவள் ஆயிற்றே!"

ராஜாவுக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. "எட்டு நாள் தருகிறேன் நாச்சாயி. ஆயிரங்கையை என் முன்னால் நிறுத்து. வழக்கைக் கேட்கிறேன். முடியாவிட்டால் மடைப்பொறுப்பு விசுவேசருக்கு."

சபையே சிரித்தது. நாச்சாயி சிரிக்கவில்லை. "நிறுத்துகிறேன் மகாராஜா. ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஆளுக்குள்ள சட்டமெல்லாம் ஆயிரங்கைக்கும் உண்டுதானே?"

"ஒன்றுவிடாமல் உண்டு!" என்று விசுவேசரே முந்திக்கொண்டார். ராஜாவும் தலையசைத்தான்.

எட்டாம் நாள் அரண்மனை வாசலில் சங்கும் பறையும் முழங்கின. நான்கு மீனவர்கள் ஒரு பாடையைத் தூக்கிவந்தார்கள். அதில் மாலை இருந்தது, பிணம் இல்லை. முன்னால் தீச்சட்டியோடு நாச்சாயி.

"யார் செத்தது?" என்று பதறினான் ராஜா.

"ஆயிரங்கைதான் மகாராஜா. எட்டு நாளும் தேடினோம். மூச்சு இல்லை. கூப்பிட்டால் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வாய் சோறு தின்றதைப் பார்த்தவர் யாருமில்லை. வைத்தியர் நாடி பார்க்கக் கையைத் தேடினார். ஆயிரங்கை என்று பேர்தான், ஒரு கைகூட அகப்படவில்லை. இறந்துபோனார் என்று சொல்லிவிட்டார்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான்.

"கொள்ளி வைக்க ஆளில்லாமல்தான் இங்கே வந்தோம். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர் செத்தால் அவர் சொத்து யாருக்கு மகாராஜா?"

"அரசுக்கு!" என்றான் ராஜா, கண்கள் மின்ன.

"அதைத்தான் கடைவீதியில் தண்டோரா போட்டுவிட்டு வருகிறோம்."

சொல்லி வாய் மூடவில்லை, நாற்பது பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவர் காலில் ஒற்றைச் செருப்பு. ஒருவர் முகத்தில் பாதி மழித்த தாடி.

"சாகவில்லை பிரபு! ஆயிரங்கை உயிரோடு இருக்கிறது!"

"எங்கே இருக்கிறது?"

"நாங்கள்தான் பிரபு!" சாத்தப்பர் மார்பில் அடித்துக்கொண்டார். "பட்டறை போட்டது நாங்கள். நடத்துவது நாங்கள். இதோ, இந்தக் கைதான் அதன் கை!"

விசுவேசர் அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். "வாயை மூடும் ஐயா!"

"மூடினால் எல்லாம் போய்விடுமே!" என்று அலறினார் சாத்தப்பர்.

நாச்சாயி தீச்சட்டியைக் கீழே வைத்தாள். "மகாராஜா, நீங்கள் கேட்ட ஆள் வந்துவிட்டார். நாற்பது தலையோடு நிற்கிறார். இனி வழக்கைக் கேளுங்கள்."

சாத்தப்பரின் நீட்டிய கை அப்படியே நின்றது. ராஜாவின் சிரிப்பும் நின்றது.

"இந்த ஆளைப் பெற்றவன் நான்தான்" என்றான் அவன். "ஒரு தலைப்பாகைக்காகப் பெற்றேன். வெட்கமாக இருக்கிறது நாச்சாயி."

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. செப்பேடு செல்லாது. நாற்பது பேரும் குடும்பத்தோடு கீழ்மடையில் குடியிருந்து ஊரார் குடிக்கும் தண்ணீரையே குடிக்கவேண்டும். கழிவு ஆற்றில் கலக்காமல் தேங்க, தங்கள் கையாலேயே குளங்கள் வெட்டவேண்டும். ஆறு தெளியும்வரை ஒரு முழத் துணிக்கும் சாயம் ஏறக்கூடாது. விசுவேசருக்கு மடையில் பாசி வாரும் வேலை, மேற்பார்வை நாச்சாயி.

"விசுவேசரின் ஆசனம் இனி உன்னுடையது" என்றான் ராஜா.

"நான் இங்கே உட்கார்ந்தால் மடையை யார் பார்ப்பது? வேறொன்று கேட்கிறேன். எந்தப் பட்டறையானாலும் வாசலில் உடையவர் பெயரை எழுதவேண்டும். தண்ணீர் கெட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எங்களுக்குத் தெரியவேண்டும்."

ராஜா எழுந்து நின்றான். "அப்படியே ஆகட்டும்."

மூன்றாவது மழைக்கு முத்தாறு மணல் தெரிய ஓடியது. கெண்டைகள் மதகேறித் துள்ளின. அதன்பிறகு கீழ்மடைக்காரர்களிடம் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், அவர்கள் ஊர்ப்பெயரைச் சொல்வதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாச்சாயி மடைத் தண்ணி குடிச்சவங்க நாங்க" என்பார்கள்.