சிவந்த பாயசம்

ஆலங்காட்டு ஜமீன்தார் சேதுராயரின் அரண்மனையில் சமையல் செய்தவள் பேச்சித்தாய். ஒருநாள் அவள் வைத்த பால்பாயசம் வெள்ளையாக இல்லாமல் சிவந்துபோய் வந்தது.

"பாலைக் கெடுத்தவளை இன்னைக்கே வெளியே அனுப்புங்க!" என்று கத்திய ஜமீன்தார், ஒரு வாய் குடித்ததும் அடங்கினார். கிண்ணம் காலியானது.

"நாளைக்கு மக கல்யாணத்துக்கு இதே பாயசம் வேணும். ருசி மாறிச்சுன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

பேச்சித்தாய் கைகூப்பினாள். "செய்றேன் எசமான். ஆனா நீங்களும் கூட இருக்கணும்."

"நான் எதுக்கு?"

"பாலை அடுப்புல வச்ச நேரம், என்னைக் கூப்பிட்டு நீங்க புலி சுட்ட கதையைச் சொன்னீங்க. பாதியில எந்திரிச்சுப் போக முடியுமா? புலி சாகிறதுக்குள்ள பால் சிவந்துபோச்சு. நாளைக்கும் ஒரு வரி விடாம சொன்னாத்தான் அந்தப் பக்குவம் வரும்."

கூடமே சிரித்தது. கடைசியில் ஜமீன்தாரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் அவர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து புலியை மறுபடியும் சுட்டார். விருந்தாளிகள் பாயசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பந்தி முடியுமுன்பே ஜமீன்தார் பேச்சித்தாயை உட்காரவைத்து, இலை போட்டுத் தன் கையால் பரிமாறினார்.

"நல்லா இருப்பே தாயி, சாப்பிடு" என்றார்.

பதினெட்டு வருஷமாக அங்கே சமைத்தவள், அன்றுதான் தன் சமையலைச் சூடாகச் சாப்பிட்டாள்.