காக்கை வராத காலையில் ஒரு மாத்திரை

"கா... கா... கா..." என்று மொட்டை மாடியிலிருந்து சிவபாலன் கூப்பிட்ட குரல் இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கேட்கிறது. முதலில் பணிவாக, பிறகு கெஞ்சலாக, கடைசியில் தொண்டை கட்டி அதுவே காக்கையின் குரலாகிவிட்டது.

தஞ்சாவூரில் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய அம்மா இறந்தபின் வந்த முதல் ஆடி அமாவாசை அது. படைத்த சோற்றைக் காக்கை தொட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். அன்று பார்த்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது. காக்கைகள் தூரத்திலேயே நின்று கத்தின.

அன்றுதான் அவர் மகள் இலக்கியாவுக்கு மாவட்டச் சதுரங்கப் போட்டி. வயது பதினொன்று. முந்தைய வருடம், சுவரில் ஓடிய பல்லியை வேடிக்கை பார்த்தே ராணியைப் பறிகொடுத்தவள். பிறகு டாக்டர் அவளுக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று கண்டறிந்து, கவனம் நிலைக்க மாத்திரை கொடுத்தார். அவளிடம் கேட்ட கேள்விகளையே அப்பாவிடமும் கேட்டு, அவருக்கும் ஒன்று எழுதினார். இருவருக்கும் ஒரே அறிவுரை: காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், போட்டபின் பசி மந்தமாகும்.

கிளம்ப நேரமாகிவிட்டது. அவர் மனைவி வான்மதி மாத்திரையும் டம்ளருமாக மாடிக்கு வந்தாள். பின்னாலேயே இலக்கியாவும் வந்தாள்.

"வெறும் தண்ணியில போட்டுட்டுக் கிளம்பட்டும்ங்க. மாத்திரை என்ன சாப்பாடா?"

"அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய்கூட இறங்காது அவளுக்கு. காக்கா வரலேன்னா இன்னிக்கு ஒரு நாள் மாத்திரை இல்லாமலே ஆடட்டும். அஞ்சு நிமிஷம் பொறு வான்மதி, அம்மா வந்துடுவாங்க."

"அத்தை உயிரோட இருந்தப்பவே சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல."

"அப்பவே அவங்களுக்கும் ஒரு மாத்திரை எழுதியிருக்கணும்!"

இருவரும் சிரித்துத் திரும்புவதற்குள் இலக்கியா கைப்பிடிச் சுவரருகே போய், "கா" என்று ஒரே ஒரு முறை கத்தினாள். இலையிலிருந்த சோற்றை அள்ளி அள்ளித் தின்றாள். வடையையும் விடவில்லை.

"காக்கா சாப்பிட்டாச்சுப்பா. மாத்திரையக் குடும்மா."

மகள் மாத்திரையில்லாமல் ஆடினாலும் பரவாயில்லை என்று காத்திருந்தார் அப்பா. வெறும் வயிற்றில் கொடுக்கப் பார்த்தாள் அம்மா. காக்கையின் பங்கைத் தின்றுவிட்டாள் மகள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

சிறுமி செய்ததுதான் என்பேன். முதலில் சோறு, பிறகு மாத்திரை என்ற டாக்டரின் வார்த்தையைக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான். பேத்தியின் வயிறு நிறைந்ததில் இறந்தவளுக்கு என்ன குறை வந்துவிடும்? மாத்திரைதான் அந்தப் பிள்ளைக்குப் புத்தி கொடுக்கிறது என்று எங்கள் குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். ஆனால் தானே காக்கையாகிவிடும் யோசனை அவளுக்கு வந்தபோது மாத்திரை அம்மாவின் கையில்தான் இருந்தது. சிவபாலனுக்கு மட்டும் கொஞ்சம் கண் கலங்கியது. இலக்கியா அன்று அரையிறுதிவரை ஆடித் தோற்றாள். இப்போது ஓசூரில் கட்டடப் பொறியாளராக இருக்கிறாள்.