எண்ணெய் ஏறும் பக்கம்

“இந்த ரெண்டுல எது சரியான கார்புரேட்டர்?” என்று இன்னாசி கேட்டார்.

“ரெண்டும் சரிதான் அண்ணாச்சி,” என்றார் ரஹ்மத். “ஒண்ணு செய்யுறது இன்னொண்ணுக்குத் தெரியல. அவ்வளவுதான்.”

அது இன்னாசி அந்த ஷெட்டுக்கு வந்த முதல் நாள். தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற சாலையோரம் தகரக் கூரை போட்ட சின்ன மெக்கானிக் ஷெட் அது. ரஹ்மத்தின் வாப்பா நடத்தியது. அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன்மார் சவூதிக்குப் போய்விட்டார்கள். தங்கை ரஹ்மத் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அவருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. இன்னாசி அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கார்ப்பரேஷனில் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை.

வண்டி அவருடைய மகன் ஜெரினுடையது. வெளிநாட்டு வண்டி, இரண்டு சிலிண்டர். துறைமுகத்துப் பக்கம் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஜெரின் வாங்கி வந்து, சம்பளம் வரும்போதெல்லாம் ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து ஓட வைத்தான். எல்லாம் சரியாகிவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி. ஸ்லோவில் நின்றால் வண்டி கிடந்து உதறும். இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றுபோல் இழுக்க வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதற்கான மீட்டர் வாங்கக் கையில் காசு நிற்கவில்லை. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்ப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பவில்லை.

“அவன் முடிக்காம விட்டது இது ஒண்ணுதான்,” என்றார் இன்னாசி. “இதை முடிச்சிரணும்.”

பெரிய கடைகளில் விசாரித்திருந்தார். மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன கூலி அவருக்குக் கட்டுபடியாகவில்லை. தன்னிடமும் மீட்டர் கிடையாது என்று ரஹ்மத் சொன்னார். பொறுமையாக உட்கார்ந்து செய்கிற வேலை, அத்தனை நேரத்துக்கும் உங்களிடம் கூலி கேட்க எனக்கு மனசு வராது, நீங்களே உட்கார்ந்து செய்வதானால் சொல்லித் தருகிறேன் என்றார்.

அன்றிலிருந்து இன்னாசி அவரை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் அது விளையாட்டாக இருந்தது. பிறகு அப்படி இல்லை.

சாயங்காலத் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு ஷெட்டுக்கு வருவார். இருட்டுவதற்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ரஹ்மத் அவரை உடனே கார்புரேட்டரைத் தொட விடவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கிற ரப்பர் மூட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். இதெல்லாம் எதற்கு என்று இன்னாசிக்குப் புரியவில்லை.

“பைப் ஒழுகுற தெருவுல வால்வைத் திருகி என்ன செய்வீங்க?”

இன்னாசி விளக்கைப் பிடித்துக்கொண்டு ரப்பரைப் பார்க்கத் தொடங்கினார்.

எல்லாம் பார்த்து முடிந்ததும், மீட்டர் இல்லாமல் எப்படி அளப்பது என்று கேட்டார்.

“அளக்க வேண்டாம். ஒண்ணுக்கு ஒண்ணு பக்கத்துல வச்சுப் பார்த்தாப் போதும். உள்ள இருக்கிறது தெரியுற மாதிரி சன்னமான குழாய் வேணும். மீன்தொட்டிக் கடையில கிடைக்கும்.”

மறுநாள் இன்னாசி ஒரு மருந்துக்கடைக் கவரைக் கொண்டு வந்தார். உள்ளே குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய்கள் இரண்டு. உறை பிரிக்கவில்லை. ஜெரின் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு மாடியேறிப் போனபோது அவை தேவைப்படவில்லை.

ரஹ்மத் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இது வேண்டாம், மீன்தொட்டிக் குழாய் நானே வாங்கித் தருகிறேன் என்றார்.

“வீட்டு அலமாரியில கிடக்கு டீச்சர். திறக்கும்போதெல்லாம் கண்ணுல படுது. ஏதாவது ஒரு வேலைக்கு ஆகட்டும்.”

ரஹ்மத் உறையைப் பிரித்தார். ஊசி மாட்டுகிற முனையையும் சொட்டு விழுகிற கூண்டையும் வெட்டி எடுத்தார். இரண்டு குழாயையும் ஒன்றாக இணைத்து, ஒரு பலகையில் தொட்டில் கயிறு தொங்குகிற மாதிரி வளைத்து ஆணியடித்தார். அடி வளைவில் நிற்கிற அளவுக்கு எஞ்சின் எண்ணெய் ஊற்றினார். தண்ணீர் ஊற்றினால் ஆகாதா என்று இன்னாசி கேட்டார். எஞ்சின் உறிஞ்சிவிட்டால் தண்ணீர் கெடுத்துவிடும், எண்ணெய் எரிந்து போய்விடும் என்றார் ரஹ்மத்.

குழாயின் ஒரு முனை இடது சிலிண்டருக்கு, மறுமுனை வலது சிலிண்டருக்கு. வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். எண்ணெய் கிடந்து குதித்தது. ஒரே இழுப்பில் இடது பக்கமாக ஏறி எஞ்சினுக்குள் போய்விட்டது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை.

ரஹ்மத் இருமிக்கொண்டே குழாயைக் கொஞ்சம் நெரித்துப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வந்தார். அதற்குள் இன்னாசி மறுபடி எண்ணெய் ஊற்றிவிட்டு, குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்ன வெள்ளைச் சக்கரத்தைக் கட்டைவிரலால் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு உருட்டினால் எவ்வளவு போகும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தடவை எண்ணெய் குதிக்கவில்லை. இடது பக்கம் மெதுவாக ஏறி உயரத்தில் நின்றது.

“இடதுதான் பலமா இருக்கு,” என்றார் இன்னாசி. “அதைக் குறைக்கணும்.”

“எண்ணெய் ஏறுதுன்னா பலம்னு நினைக்கீங்க. அதுக்குள்ள காத்துப் போற வழி சின்னதா இருக்கு. மூச்சுக்குத் தவிக்குது. அதனாலதான் அந்த இழுப்பு இழுக்குது.”

இன்னாசி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளியில இருந்து பார்த்தா அப்படித் தெரியலையே டீச்சர்.”

“தெரியாது.”

கொஞ்ச நேரம் கழித்து, வீட்டில் தன் மனைவி இப்போதெல்லாம் ஓய்ந்து உட்காருவதே இல்லை என்று இன்னாசி சொன்னார். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறாள், அடக்கத்தன்றுகூட வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் காப்பி கொடுத்தாள், அவளுக்கு மனசு திடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

ரஹ்மத், நிற்கிற வண்டி சூடேறாமல் இருக்க டேபிள் ஃபேனை எஞ்சின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்க்ரூ. அதைத் திருப்பினால் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். இன்னாசி திருப்பினார். எண்ணெய் வலது பக்கம் போய் நின்றது. திரும்ப எதிர்ப்பக்கம் திருப்பினார். கூடிப்போனது. எஞ்சின் சூடேறினால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் செய்தால், விட்ட இடத்தில் எண்ணெய் நிற்காது. பல சாயங்காலங்கள் இப்படியே போயின. வண்டி உதறிக்கொண்டே வீட்டுக்குப் போகும், உதறிக்கொண்டே மறுநாள் வரும்.

ஒருநாள் எண்ணெய் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வந்து நின்றது. இன்னாசி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி விட்டார். அப்போதும் மட்டம் மாறவில்லை. உதறல் இல்லை. ஹேண்டில்பார் கண்ணாடியில் அந்த உதறலில் அதுவரை எதுவும் தெரிந்ததில்லை. இப்போது பின்னால் சாலையும், உப்பு லாரியும், லாரியின் நம்பரும் தெரிந்தன.

“முடிச்சிட்டேன்,” என்றார் இன்னாசி. எண்ணெய் டின்மீது உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரஹ்மத் ஷெட்டின் மறுபக்கம் போய், ஏற்கெனவே முடித்து வைத்திருந்த ஒரு வண்டியின் செயினை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இன்னாசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று ரஹ்மத் நினைத்தார். சட்டை முழுக்க வியர்வை. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“பழையபடி ஆக்கிரணும் டீச்சர்.”

ரஹ்மத் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“நீங்களே திருப்புங்க. அரைச் சுத்துப் போதும்.”

அத்தனை நாள் பாடுபட்டுக் கொண்டு வந்தது, கலைக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. ஸ்டார்ட் செய்தார். வண்டி கிடந்து உதறியது. நொண்டிக்கொண்டு ஓடிவருவதுபோல் அந்தப் பழைய சத்தம். இன்னாசி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ரஹ்மத் சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

“இப்ப சொல்லுங்க.”

இன்னாசி சொன்னார். அவர் வீடு சந்தின் கடைசியில். ஜெரின் வேலை முடிந்து வரும்போது சந்து முனை திரும்பியதுமே இந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அவன் அம்மா என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வந்து கேட்டைத் திறப்பாள். அவன் போன பிறகு, சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும் என்று இன்னாசி ஒருநாள் வண்டியை எடுத்து ஓட்டிவிட்டுத் திரும்பினார். சந்து முனை திரும்பி வீட்டு முன்னால் வருவதற்குள் அவள் ஈரக் கையோடு ஓடிவந்து கேட்டைத் திறந்தாள். திறக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு அவர் ஒரு நாளும் வண்டியை எடுக்காமல் இருந்ததில்லை. ஷெட் பூட்டியிருக்கிற நாளிலும் துறைமுகம் வரை சும்மா போய்த் திரும்பினார். தினமும் அவள் வந்து திறந்தாள்.

நேற்று வண்டி சத்தமே காட்டாமல் சந்துக்குள் போனது. கேட்டுக்கு வெளியே நின்றார். அவள் வரவில்லை. தானே திறந்துகொண்டு உள்ளே போனார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, எப்ப வந்தீங்க என்று கேட்டாள்.

“சத்தம் மாறிப்போகும்னு நான் யோசிக்கவே இல்ல டீச்சர். அந்த முகம் எனக்கு வேணும். அவன் இருந்தப்ப இருந்த முகம்.”

“கேட்டைத் திறந்து, வந்தது நீங்கன்னு பார்த்ததுக்கு அப்புறம்?”

இன்னாசி ஸ்க்ரூடிரைவரைத் துண்டால் துடைத்தார்.

“அப்புறம் அந்த முகம் என்ன ஆகும் அண்ணாச்சி?”

இன்னாசி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“அதை நான் பார்க்கிறதில்ல,” என்றார். “குனிஞ்சு வண்டியை உள்ள தள்ளிருவேன்.”

ரஹ்மத் சுவரில் மாட்டியிருந்த குழாய்ப் பலகையை எடுத்து வண்டிமேல் சாய்த்து வைத்தார். இன்னாசி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து, குழாயின் இரண்டு முனைகளையும் தானே மாட்டினார். ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். பொழுது சாய்வதற்குள் எண்ணெய் மறுபடி மட்டத்துக்கு வந்தது. உதறல் நின்றது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஆனால் கிளம்பவில்லை.

“இனி நான் வாரது அவளுக்கு எப்படித் தெரியும்?”

“கூப்பிடுங்க.”

“அவன் போனதுலருந்து நான் அவளைக் கூப்பிட்டதே இல்ல டீச்சர். கல்யாணமான புதுசுல பேர் சொல்ல வெட்கமா இருந்துச்சு. அப்புறம் பையன் பிறந்தான். அதுலருந்து ஜெரின் அம்மான்னுதான் கூப்பிடுவேன். வேற பேர் என் வாயில வந்ததில்ல. இப்ப அதை எப்படிச் சொல்லிக் கூப்பிட?”

ரஹ்மத் குழாயிலிருந்த எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார். வடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இப்பவும் அவங்க ஜெரின் அம்மாதானே அண்ணாச்சி.”