தெற்குத் தெருவுக்குப் போன அடுப்பு

உலகம்மாளோடு வாதாடி ஜெயித்தவர்கள் அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில் யாருமில்லை. விடுதிக் காப்பாளர் தோற்றார். நூலகர் தோற்றார். கருத்தரங்குக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். அவளால் ஜெயிக்க முடியாத ஒரே ஆள் அவளுடைய ஆய்வு நெறியாளர் ஜெசிந்தா. அந்த அம்மா வாதாடவே மாட்டார்.

அன்று உலகம்மாள் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

“திருடிட்டாங்க மேடம்.”

ஜெசிந்தா பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். “யாரு?”

“தெற்குத் தெரு.”

“எதை?”

“அடுப்பை!”

“உட்காரு.”

அவள் உட்காரவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு நாற்காலி ஆகாது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். சீவலோடை என்கிற ஊரில், விறகடுப்புப் புகையால் பெண்களுக்கு வரும் மூச்சிரைப்பைப் பற்றியது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. ஊரில் இரண்டே தெரு. திருவுளச்சீட்டுப் போட்டதில் வடக்குத் தெருவுக்கு யோகம் அடித்தது. வீட்டுக்கொரு புகை குறைந்த இரும்பு அடுப்பு. இடுப்பில் வைத்துத் தூக்கிப் போகிற அளவுதான் இருக்கும். தெற்குத் தெருவுக்கு ஒன்றும் கிடையாது. ஒரு வருஷம் பழையபடியே புகையில் சமைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை இரண்டு தெருப் பெண்களும் ஒரு குழாயில் ஊதிக் காட்டுவார்கள்; மூச்சு எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று அதில் இருக்கும் முள் சொல்லும். வருஷம் முடிந்தபிறகு தெற்குத் தெருவுக்கும் அடுப்பு உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தெரு சும்மா கிடந்தால்தான் ஆய்வு தேறும்.

“ஊதுறதுக்கு நாங்க, சமைக்கிறதுக்கு அவியளா?” என்று தெற்குத் தெருவில் ஒருத்தி முதல் நாளே கேட்டாள். உலகம்மாள் வெயிலில் நின்று விளக்கு விளக்கென்று விளக்கினாள். கடைசியில் அந்தப் பெண் குழாயை வாங்கி ஊதினாள். அது சம்மதமா சலிப்பா என்று உலகம்மாள் அன்றைக்கு யோசிக்கவில்லை.

இந்த மாதம் ஊதச் சொன்னபோது, தெற்குத் தெருவில் நாலைந்து வீட்டுக்காரிகளுக்கு முள் மேலே மேலே போயிற்று. சந்தேகப்பட்டு அடுக்களைகளை எட்டிப் பார்த்தாள். பிள்ளை பெற்றிருந்த சுடலைவடிவு வீட்டில் வடக்குத் தெரு அடுப்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தாரும் அதிலேதான் உலை வைக்கிறார்களாம்.

“நான் ஈவிரக்கம் இல்லாதவ இல்ல மேடம்,” என்றாள், நடந்துகொண்டே. “ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த ஆய்வு தேறினாத்தான் மத்த ஊருக்கெல்லாம் அடுப்பு குடுப்போம்னு பணம் தர்றவங்க சொல்லியிருக்காங்க. ரெண்டு தெருவும் கலந்துபோச்சுன்னா ஆய்வுக் குழுவுல ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. என் உழைப்பு போனாப் போகுது. ஒரு வீட்டுக்காக அத்தனை ஊரையும் விடுறதா? நீங்களே சொல்லுங்க, எது நியாயம்?”

ஜெசிந்தா நார் உரித்த கிழங்கில் பாதியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“இப்ப அந்த அடுப்பைத் திருப்பி எடுக்கணும். அவ்வளவுதானே?”

“ஆமா.”

“சாக்குப்பை ஒண்ணு எடுத்துக்க. போவோம்.”

உலகம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. மேடம் மறுப்பார், மறுத்தால் மடக்கலாம் என்று வந்தவள் அவள். பஸ்ஸிலும் பதில்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். கேட்கத்தான் ஆளில்லை. ஜெசிந்தா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

சுடலைவடிவு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் இருந்தாள். அடுப்பில் பிள்ளையைக் குளிப்பாட்ட வேப்பிலை போட்ட தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

“எடு,” என்றார் ஜெசிந்தா.

“தண்ணி கொதிக்குது மேடம்.”

“அப்ப ஆறட்டும்.”

சொல்லிவிட்டுச் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

“எதை எடுக்கப் போறிய?” என்றாள் சுடலைவடிவு.

“இந்த அடுப்பை. இது வடக்குத் தெருவுது.”

“தெரியும்க்கா. எங்க மதினிதான் கொண்டாந்து வச்சா. புகைக்குப் பிள்ளை கமறிக் கமறி மூஞ்சியே கறுத்துப்போச்சு. சரி, எடுத்துக்கோங்க. தண்ணிய மட்டும் இறக்கிக்கிடுதேன்.”

சண்டை போட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். உலகம்மாள் சாக்கைக் கையில் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

தண்ணீர் இறங்கியது. அடுப்பு அனலாக இருந்தது. ஆறட்டும் என்று நிற்கையில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு சட்டியோடு வந்தாள். “பிள்ளை பெத்தவளுக்குப் பூண்டுக் குழம்பு. ஒரே ஒரு கொதி.” அந்தக் கொதி அடங்குவதற்குள் எதிர்வீட்டுக்காரி உலைப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “எனக்கும் ஒரே ஒரு கொதி, தாயி.” உலகம்மாள் நிழலுக்கும் வெயிலுக்குமாக நடந்தாள். ஜெசிந்தாவுக்கு யாரோ கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள்.

சேதி தெரிந்து வடக்குத் தெருவிலிருந்து அந்த மதினி ஆவுடைத்தாயே வந்துவிட்டாள். வரும்போதே குரல்தான் முதலில் வந்தது.

“யாரது, எங்க வீட்டு அடுப்பைத் தூக்க வந்த மகராசி?”

“நான்தான்க்கா. நீங்க குடுத்திருக்கக் கூடாது. சொல்லித்தானே தந்தோம்?”

“விக்கக் கூடாதுன்னிய. வித்தேனா?”

“இரவலும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

“ஏ பிள்ள, பிள்ளை பெத்தவ வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கிட்டு வரச் சொல்லுதியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உலகம்மாளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. “அப்ப உங்க வீட்டுல இப்ப எதுல சமைக்கிறீங்க?”

“பழைய அடுப்புலதான். புகை என்ன எனக்குப் புதுசா?”

உலகம்மாள் தலையில் கைவைத்தாள். “வடக்கும் போச்சு மேடம்.”

“ம்,” என்றபடி ஜெசிந்தா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அவள் விடவில்லை. “அக்கா, கேளுங்க. மத்த ஊர்ப் பிள்ளைங்களுக்கும் இது கிடைக்கணும்னுதான் நான் இவ்வளவும் பாடுபடறேன்.”

“கிடைக்கட்டுமே! நான் வேண்டாம்னா சொல்லுதேன்? அதுக்கு இந்தப் பிள்ளை இருமணுமா?”

“இருமணும்னு நான் சொல்லல.”

“பின்ன என்னத்தைச் சொல்லுத?”

உலகம்மாள் வாயைத் திறந்தாள். சான்று, ஒப்பீடு, பெரும்பாலோர் நன்மை, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. கருத்தரங்கு மேடையில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்த வார்த்தைகள். மடியில் கிடந்த பிள்ளை கொட்டாவி விட்டது. அவள் கை அதன் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டப் போனது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

பொழுது சாய்ந்தது. எதிர்வீட்டு உலை இறங்கியது. அடுத்த பானையோடு யாரும் வரவில்லை. அடுப்பில் தீ அணைந்து கங்கு மட்டும் கிடந்தது. அதன்மேல் மெல்லச் சாம்பல் படர்ந்தது.

“ஆறப் போகுது,” என்றார் ஜெசிந்தா. “சாக்கை விரி.”

உலகம்மாள் விரித்தாள்.

பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. சுடலைவடிவு அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் பிள்ளை நனைத்த துணி.

“யக்கா, பிள்ளைக்குத் துடைக்க வெந்நி வேணும். கை ஒழியல. எடுக்கும்போது எடுத்துக்கோங்க, இப்ப அந்தச் சுள்ளியை மட்டும் கொஞ்சம் தள்ளிவிடுங்க.”

உலகம்மாள் குனிந்து தள்ளிவிட்டாள். பிடிக்கவில்லை. கீழே கிடந்த சுள்ளி ஒன்றை ஒடித்து வைத்தாள். அதுவும் பிடிக்கவில்லை. ஊதாங்குழலை எடுத்து வாயில் வைத்தாள்.

“ஊது பிள்ள, நல்லா ஊது!” என்றாள் ஆவுடைத்தாய். “மூச்சை இழுத்து, விட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். மாசாமாசம் எங்களைச் சொல்லுவியே!”

தெருவே சிரித்தது. உலகம்மாளுக்கும் சிரிப்பு வந்து மூச்சு பாதியில் அறுந்தது. கண்ணில் நீரோடு மறுபடி ஊதினாள். சாம்பல் பறந்தது. தீ பற்றிக்கொண்டது. அவளே சொம்பை எடுத்து மேலே வைத்தாள்.

ஜெசிந்தா காப்பித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “கடைசி பஸ் வந்துரும்,” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் ஜெசிந்தா கல்லில் உட்கார்ந்தார். உலகம்மாள் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நடந்தாள். வெறும் சாக்கு தோளில் கிடந்தது. கையெல்லாம் கரி.

“குழுவுக்கு நான் என்ன எழுத மேடம்?”

“நடந்ததை எழுது.”

“கலந்துபோச்சுன்னு தெரிஞ்சும் அடுப்பை ஏன் எடுக்கலன்னு கேப்பாங்க.”

“ஆறலன்னு எழுது.”

“ஆறலன்னா ஒத்துக்குவாங்களா? ஏன் ஆறலன்னு கேப்பாங்க. விட மாட்டாங்க. நானா இருந்தா விடவே மாட்டேன்!”

வளைவில் பஸ் திரும்பியது. ஜெசிந்தா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

“கடைசிச் சுள்ளியை வச்சவளைக் கேக்கச் சொல்லு.”