பூவலிங்கத்தின் அங்க அடையாளங்கள்

நெடுவயல் பேரூராட்சியில் குடிதண்ணீர்ப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் மூன்று பேர். மரியசூசை மோட்டார் போடுவார், பூவலிங்கம் வால்வைத் திறந்துவிடுவார், சடாச்சரம் குழாய் ரிப்பேர் பார்ப்பார். மூவரும் மேலதிகாரி சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் செய்கிறவர்கள். ஊருக்குத் தண்ணீர் ஒழுங்காக வராததற்கு அது ஒன்றுதான் காரணம்.

அந்த மாதக் கடைசியில் பூவலிங்கத்துக்கு ஓய்வு. முப்பத்தைந்து வருஷமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் ஏழு மணி வரை தூங்குவது, எழுந்ததும் இன்னொரு தரம் தூங்குவது என்று முடிவு செய்து வைத்திருந்தார். ஆனால் பென்ஷன் தாள்கள் போய்ச் சேராமல் எப்படித் தூக்கம் வரும்?

செயல் அலுவலர் அவரைக் கூப்பிட்டார். "பீரோவுல மேல் தட்டுல உங்க பணிப்பதிவேடு இருக்கும். ரெண்டாவது பக்கத்துல அங்க அடையாளம் போட்டிருக்கும். உங்களுக்குப் பொருந்துதான்னு பாருங்க. பொருந்தலேன்னா சரிபண்ணி, இருபத்தஞ்சாம் தேதி கணக்கு அலுவலகத்துக்குக் கொண்டு போங்க. பதிவேட்டுல மட்டும் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது." சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார்.

மேல் தட்டில் ஒரே ஒரு பதிவேடு இருந்தது. அட்டையையும் முதல் பக்கத்தையும் கரையான் தின்றிருந்தது. மேல் தட்டில் இருந்ததால் அது பூவலிங்கத்தினுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சடாச்சரம் வாசித்தார். "ஒன்று, வலது காதுக்குப் பின்னால் மச்சம். ரெண்டு, இடது முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு."

பூவலிங்கத்தின் காதை மடக்கிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வேட்டியை ஏற்றிப் பார்த்தார்கள். முழங்கால் வழவழவென்று இருந்தது.

"மச்சம் எங்கண்ணே போச்சு?" என்றார் சடாச்சரம்.

"எனக்கு எப்படித் தெரியும்? காதுக்குப் பின்னால இருக்கறத நான் எப்ப பாத்தேன்?"

"முப்பத்தஞ்சு வருஷம் குளோரின் தண்ணியில நின்னிருக்கார். கரைஞ்சிருக்கும்," என்றார் மரியசூசை. பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "எனக்கும் அந்த ரெண்டு இடத்துலதான் இருக்கு. அரசாங்க வேலைக்கு எடுக்கறப்ப அங்கதான் பாப்பாங்க போல."

இனி என்ன செய்வது என்று வெகுநேரம் யோசித்தார்கள். பதிவேட்டைத் திருத்தக் கூடாது. சரிபண்ணியும் ஆக வேண்டும். மிச்சம் இருந்தது பூவலிங்கம்தான். அவரைத் திருத்துவது என்று முடிவாயிற்று.

சந்தையில் பச்சை குத்துகிற அம்மாவிடம் கூட்டிப்போனார்கள். "எந்தக் காது?" என்று அவள் கேட்க, எதிரே நின்ற சடாச்சரம் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். அவள் அதற்கு நேரே இருந்த காதில் குத்தினாள். குத்தி முடித்த பிறகுதான் அது பூவலிங்கத்தின் இடது காது என்று தெரிந்தது. சரியான காதிலும் ஒன்று குத்த வேண்டியதாயிற்று. வீட்டில் தெய்வானை இரண்டு காதையும் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள், அதனால் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது தழும்பு. மரியசூசை தன் சைக்கிளைக் கொடுத்தார். பூவலிங்கம் ஏறி உட்கார்ந்து, அப்படியே இடது பக்கம் சாயப் போனார்.

சடாச்சரம் தடுத்தார். "வேணும்னு சாஞ்சா அது விழுந்ததா ஆகாதுண்ணே. தெரியாம விழணும்."

"எனக்கு ஓட்டவே தெரியாதே."

"அப்ப நல்லதாப் போச்சு."

பூவலிங்கம் பெடலை மிதித்தார். அதுவரை சைக்கிளைத் தொட்டே அறியாத மனிதர், மூன்று தெருவைச் சுற்றிவிட்டு மணி அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அவருக்கே அழுகை வந்தது. பத்து நாள் இப்படியே போயிற்று. கை விட்டுக்கூட ஓட்டினார்.

"மனசு வச்சா விழலாம்ணே," என்று மரியசூசை ஆறுதல் சொன்னார்.

பதினோராம் நாள் ஒரு எருமை குறுக்கே வந்து உதவியது. வலது முழங்கால் தோல் பெயர்ந்தது. மறுநாள் முழங்கை. அதற்கு மறுநாள் தாடை. கடைசியில், அவர்களே தோண்டி மூட மறந்த குழாய்ப் பள்ளத்தில் விழுந்து இடது முழங்காலும் கிழிந்தது. மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இருபத்தைந்தாம் தேதி கணக்கு அலுவலகத்துக்குப் போனார்கள். கண்காணிப்பாளர் அம்மா பதிவேட்டைப் புரட்டினார்.

"மூணாம் பக்கத்துல மரியசூசைன்னு போட்டிருக்கே. இது அவரோட பதிவேடு."

"ரெண்டாம் பக்கம் பாக்கத்தான் சொன்னாங்க மேடம்," என்றார் பூவலிங்கம்.

அந்த அம்மா பதிவேட்டை மூடித் தள்ளினார். "போய் பூவலிங்கம்னு பேர் போட்ட பதிவேட்டை எடுங்க. அதுல எப்படி எழுதியிருக்கோ அப்படியே இருக்கிற ஆளை நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

அது கீழ்த் தட்டில் கிடந்தது. சடாச்சரம் வாசித்தார். "உடம்பில் மச்சமோ தழும்போ எதுவும் இல்லை."

பூவலிங்கம் தன் முழங்காலைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், தாடையைத் தடவினார். இனி வேறு ஆளைத்தான் தேட வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் வரை ஊரில் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பதிவேட்டில் எழுதியபடி ஒருவரும் அகப்படவில்லை. சோர்ந்துபோய் பூவலிங்கம் வீட்டுக்கு வந்தபோது, பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் குனிந்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை பூவலிங்கம் பேரனைத் துண்டில் சுற்றிக் கண்காணிப்பாளர் அம்மாவின் மேஜைமேல் படுக்கவைத்தார்.

"நீங்க சொன்ன ஆள் மேடம். நல்லாப் பாத்துட்டோம், ஒரு மச்சம் கிடையாது."

அந்த அம்மா மேஜையிலிருந்த தாள்களைத் தள்ளி வைத்தார். "ஓய்வு பெறணும்னா அறுபது முடிஞ்சிருக்கணும்."

"நேத்தோட முடிஞ்சுது மேடம்," என்றார் சடாச்சரம். "நாளா வருஷமான்னு படிவத்துல கேக்கல."

பூவலிங்கம் பேரனின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, பணிவாகக் குனிந்து மை டப்பாவைத் திறந்தார். "கையெழுத்து இன்னும் பழகல மேடம். கைநாட்டு போதும்ல?"